அத்தியாயம் 7: வெள்ளெழுத்து வந்த கண்ணோடு குறிபார்ப்பது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டி வில்லை எடுப்பவர்கள் சொல்லும் முதல் குறை பெரும்பாலும் தோளைப் பற்றியதாக இருக்காது. "சைட்டைப் பார்த்தா டார்கெட் மங்குது, டார்கெட்டைப் பார்த்தா சைட் கரைஞ்சு போகுது சார்" என்பார்கள். பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. பேரனை வகுப்புக்கு அழைத்துப் போன இடத்தில் தானும் ஒரு வில்லை வாங்கியவர் உண்டு. கல்லூரி நாளில் எய்து, வேலைக்காக விட்டு, ஓய்வு பெற்றதும் திரும்பி வந்தவரும் உண்டு. இந்த அத்தியாயம் அவர்களுக்கானது.

வயதான கண்ணுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டு. ஜப்பானின் ஹிரோஷி யமமோட்டோ 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். அவருடைய அடுத்த ஒலிம்பிக் பதக்கமான வெள்ளி, 2004 ஏதென்ஸில் 41 வயதில் கிடைத்தது. உலக வில்வித்தைச் சம்மேளனம் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அதில் ரிக்கர்வ் வில்லுக்குத் தூரம் 70 மீட்டர் அல்ல, 60 மீட்டர்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். எந்தக் கண் பயிற்சியாலும் வெள்ளெழுத்து போகாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிட்டது, அது இனி இளகாது. நாம் செய்யக்கூடியது கண்ணாடியையும் சைட்டையும் குறிபார்க்கும் பழக்கத்தையும் அந்தக் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. அதையும் வரிசையாகச் செய்ய வேண்டும். பெரும்பாலோர் முதலில் புது சைட் வாங்குகிறார்கள், கடைசியில்தான் கண்ணாடிக்கு வருகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

எதைத் தெளிவாகப் பார்ப்பது?

உங்கள் கண்ணுக்கும் சைட் வளையத்துக்கும் நடுவே ஏறத்தாழ 85 செ.மீ. இடைவெளி இருக்கும். இலக்கு 18 மீட்டரிலோ 60 மீட்டரிலோ 70 மீட்டரிலோ இருக்கும். எந்த வயதுக் கண்ணாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. இருபது வயதுக் கண் இரண்டுக்கும் இடையே சட்டென்று தாவுவதால், இரண்டும் தெரிவதுபோல் ஒரு மயக்கம் இருந்தது. இப்போது அந்தத் தாவல் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிக்கர்வ் எய்பவருக்கு என் பரிந்துரை: மஞ்சளைத் தெளிவாகப் பாருங்கள், சைட்டை மங்க விடுங்கள். காரணம் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. கண்பாவை 3 மி.மீ. விரிந்திருப்பதாகக் கொள்வோம்.

இலக்கில் ஃபோகஸ் இருக்கும்போது சைட்டின் விளிம்பு அதே 3 மி.மீ. அகலத்துக்குப் பரவித் தெரியும். வட்டமான வளையம் மங்கினாலும் வட்டமாகவே இருக்கும். அதன் நடுவை உங்கள் மூளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சைட்டில் ஃபோகஸ் இருந்தால் 70 மீட்டரில் இலக்கின் விளிம்புகள் ஏறத்தாழ 25 செ.மீ. அகலத்துக்குப் பரவும். 122 செ.மீ. டார்கெட் தாளில் 9, 10 இரண்டும் சேர்ந்த மஞ்சளின் குறுக்களவே 24.4 செ.மீ.தான். மஞ்சள் முழுவதும் சிவப்பில் கரைந்துவிடும்.

மைனஸ் பவர் உள்ளவர்கள் இதில் எளிதாக ஏமாறுவார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் சைட் பளிச்சென்று தெரியும், "எனக்குக் கண்ணாடியே வேண்டாம்" என்று தோன்றும். 18 மீட்டரில் அது ஓரளவு ஒப்பேறும். தூரம் கூடியதும் அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறும்போதுதான் காரணம் புரியும்.

இங்கே பலரும் தென்கொரியாவின் இம் டாங்-ஹியுனைச் சுட்டுவார்கள். இடது கண்ணில் 6/60 அளவுப் பார்வையே உள்ள அவர், கண்ணாடி இல்லாமல் எய்து 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளில் 699 புள்ளி எடுத்தார். அது அப்போதைய உலக சாதனை. நிறங்களின் கலங்கலான வட்டமே போதும் என்பதற்கு அவர் நல்ல சான்றுதான். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிடுவதற்கு அவரைக் காரணம் காட்டாதீர்கள். அவர் அதே பார்வையோடு எய்து பழகியவர். உங்கள் கண் நேற்றுவரை வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்த கண்.

கண் மருத்துவரிடம்: ஆறு படிகள்

1. சர்க்கரை நோய் இருந்தால் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் கூடிக் குறையும். அந்த நாட்களில் செய்த கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமல் போகும்.

2. கடையில் பவர் மட்டும் பார்த்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கண் அழுத்தம், விழித்திரை, கண்புரை எல்லாவற்றையும் பார்க்கும் முழுப் பரிசோதனை வேண்டும். செலவு தடையாக இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கிய அது உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் எழும்பூரில் இறங்கலாம்.

3. "வில்வித்தை செய்கிறேன். 60 மீட்டரில் இருக்கும் இலக்கைப் பார்க்க வேண்டும். கைநீளத்தில் இருக்கும் வளையம் மங்கினால் பரவாயில்லை" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். "தூரமும் கிட்டமும் பார்க்கணும்" என்று சொன்னால் ப்ரோக்ரெசிவ் கண்ணாடியைத்தான் எழுதித் தருவார்கள்.

4. தூரப் பார்வைக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி கேளுங்கள். அஸ்டிக்மாடிசம் இருந்தால் அது கால் பவராக இருந்தாலும் விட்டுவிடாமல் சேர்க்கச் சொல்லுங்கள். வட்டத்தை நீள்வட்டமாக இழுக்கும் குறை அது. குறிபார்ப்பவருக்கு அது பெரிய விஷயம்.

5. சோதனைச் சட்டத்தோடு வெளியே வந்து பாருங்கள். அறையில் இருக்கும் எழுத்துப் பலகை 6 மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டது. சிறிய கடைகளில் 3 மீட்டர்கூட இருக்காது. அங்கே தெளிவாகத் தெரிந்தது 70 மீட்டரில் சற்றுக் கலங்கலாம். வாசலுக்கு வந்து தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகையைப் படியுங்கள், பிறகு கையை நீட்டி ஒரு சாவி வளையத்தின் வழியாக அதையே பாருங்கள்.

6. அதே சட்டத்தில் +0.25 சேர்த்து மறுபடி பாருங்கள். இது ஒரு சமரசம். சைட்டின் பரவல் 3 மி.மீ.இலிருந்து ஏறத்தாழ 2.4 ஆகக் குறையும், 70 மீட்டரில் இலக்கு 5 செ.மீ. அளவுக்குக் கலங்கும். சிலருக்கு இது மிகவும் ஒத்துப்போகிறது. +0.50 வரை போனால் இலக்கின் கலங்கல் 10 செ.மீ.யைத் தாண்டும். 18 மீட்டரில் மட்டும் எய்பவருக்கு அது சரி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

குறிப்பு: கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட நாளில் வில்லைத் தொடாதீர்கள். வண்டியும் ஓட்டாதீர்கள். வேளச்சேரி – தாம்பரம் சாலை நெரிசலில் கூசும் கண்ணோடு போவது ஆபத்து.

கண்ணாடியை வில்லுக்குப் பொருத்துவது

இதை அவசரமில்லாமல் படியுங்கள். மங்கலான பார்வை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி தவறான இடத்தில் அமர்ந்த கண்ணாடியால் வருவது.

வலக்கைக்காரர் நாணை இழுத்து நிற்கும்போது தலை இடப்பக்கம் திரும்புகிறது. ஆனால் முழுவதும் திரும்புவதில்லை. கழுத்து வளைவது குறைந்த வயதில் இன்னும் குறைவாகத் திரும்புகிறது. மிச்சத்தைக் கண் ஈடுசெய்கிறது. அதனால் வலது கண் கண்ணாடியின் நடு வழியாகப் பார்ப்பதில்லை, மூக்கை ஒட்டிய ஓரத்தின் வழியாகப் பார்க்கிறது. ஒற்றைப் பவர் கண்ணாடியில் அந்த ஓரத்தில் சிறிது தெளிவு குறையும். ப்ரோக்ரெசிவ் கண்ணாடியில் அதுவே நெளிந்து கலங்கும் பகுதி. பைஃபோக்கலிலோ தாடை சற்று உயர்ந்தாலும் கீழ்ப்பகுதிக் கோடு குறுக்கே வந்துவிடும். அன்றாடம் அணியும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடியோடு எய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் கண் எந்த இடத்தின் வழியாகப் பார்க்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். துணைக்கு ஒருவர் வேண்டும்.

1. வில்லை எடுக்காதீர்கள். பயிற்சி ரப்பர் பட்டை போதும். முழுவதும் இழுத்த வில்லின் அருகில் இன்னொருவர் கையைக் கொண்டுவருவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

2. வழக்கமாக நிற்பதுபோல் நின்று, பட்டையை இழுத்து, ஆங்கர் இடத்துக்குக் கையைக் கொண்டுவாருங்கள். நீண்ட நடைக்கூடத்தின் கோடியிலோ எதிர்ச் சுவரிலோ ஒரு மஞ்சள் தாளை ஒட்டிப் பாருங்கள்.

3. துணைக்கு நிற்பவர் உங்கள் பக்கவாட்டில் நின்று, பொட்டு அளவிலான ஸ்டிக்கரை எய்யும் கண்ணின் கண்ணாடியில் ஒட்டட்டும். "இன்னும் மூக்குப் பக்கம்... கொஞ்சம் மேல..." என்று நீங்கள் சொல்லச் சொல்ல நகர்த்தி, ஸ்டிக்கர் மஞ்சள் தாளை மறைக்கும் இடத்தில் நிறுத்தட்டும்.

4. பட்டையைத் தளர்த்தி, ஓய்வெடுத்து, மறுபடி இழுத்துப் பாருங்கள். மூன்று முறையும் அதே இடம் மறைந்தால் அதுவே உங்கள் இடம். மாறிக்கொண்டே இருந்தால் தலை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி நிற்கிறது என்று பொருள். கண்ணாடியை விட்டுவிட்டு முதலில் நிற்கும் முறையைச் சரிசெய்யுங்கள்.

5. ஸ்டிக்கரோடு கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோய், எய்வதற்கான புதுக் கண்ணாடியில் ஒளி மையத்தை அந்த இடத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பவர் குறைவாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. 3, 4 என்று போனால் நன்றாகவே தெரியும்.

சட்டம் வாங்கும்போது மூக்குப்பாலம் மெலிதாகவும் கண்ணாடி அகலமாகவும் இருக்கட்டும். தடித்த பிளாஸ்டிக் சட்டத்தின் பாலம் இலக்கையே மறைத்துவிடும். கண்ணாடி பாலிகார்பனேட்டாக இருப்பது நல்லது, உடைந்து கண்ணில் தெறிக்காது. நாண் மூக்கைத் தொடும்போது சட்டமும் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் கண்ணாடி ஒவ்வோர் எய்தலுக்கும் நூலளவு நகரும், குறியும் நகரும். பின்னால் ஒரு கயிறு கட்டிக்கொண்டால் வியர்வையில் வழுக்கி இறங்காது. துப்பாக்கிச் சுடுதலுக்கென்று, கண்ணாடியைத் தனியே திருப்பி வைக்கக்கூடிய சட்டங்கள் விற்கின்றன. விலை அதிகம் என்றாலும் தொடர்ந்து போட்டிக்குப் போகிறவருக்கு ஏற்றவை.

விதி: கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி ஊசித்துளை போட்டால் எல்லாமே தெளிவாகத் தெரியும். உண்மைதான், ஆனால் போட்டியில் அது தடை. குறிபார்க்க உதவும் எந்த அடையாளமும் கண்ணாடியில் இருக்கக் கூடாது. மேலே சொன்ன ஸ்டிக்கரையும் நீக்கிவிட்டுத்தான் எய்ய வேண்டும். ஊசித்துளையோடு வீட்டில் பழகினால் மைதானத்தில் தவிப்பீர்கள்.

எந்தக் கண் ஆள்கிறது?

இளமையில் சோதித்ததை நம்பியிருக்காதீர்கள். ஆளும் கண்ணில் புரை தொடங்கினால் மற்றக் கண் முந்திக்கொள்ளும். அம்புகள் திடீரென்று ஒரே பக்கமாக ஒதுங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாக ஒரு கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண்.

அது மாறியிருந்தால், எய்யாத கண்ணை மறைப்பதே எளிய வழி. விதிப்படி அந்தக் கண்ணாடி முழுவதையும் மறைக்க வேண்டும், அல்லது கண்மறைப்பு அணியலாம். வெள்ளை டேப்பை ஒட்டுங்கள், கறுப்பு வேண்டாம். கறுப்பால் மறைத்தால் இருட்டில் அந்தக் கண்பாவை விரியும், கூடவே எய்யும் கண்ணின் பாவையும் விரிந்து கலங்கல் கூடும். ஒரு கண்ணை இறுக்கி மூடுவதும் நல்லதல்ல. முகத் தசை இறுகினால் ஆங்கர் நகரும். அறுபதுக்கு மேல் இடக்கைக்கு மாறுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தோளுக்கு அது பெரிய சுமை. டேப் பலன் தராமல் போனால் மட்டும், மிக இலகுவான வில்லோடு தொடங்குங்கள்.

சைட் வளையம்: சிறியது துல்லியமானது அல்ல

நடுவில் புள்ளியோ ஊசியோ உள்ள சைட்டை இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். 3 மி.மீ. பரவலில் 1 மி.மீ. புள்ளி ஒரு சாம்பல் கறையாகிவிடும். அந்தக் கறை மஞ்சளையும் மூடும். திறந்த வளையமே நமக்கு ஏற்றது.

அளவைக் கணக்கிட, இலக்கின் குறுக்களவைத் தூரத்தால் வகுத்து, கண்ணுக்கும் சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்குங்கள். 85 செ.மீ.க்கு வரும் விடைகள் இவை:

- 18 மீட்டர், 40 செ.மீ. தாள்: மஞ்சள் 3.8 மி.மீ., சிவப்பின் வெளிவிளிம்பு 7.6 மி.மீ.
- 30 மீட்டர், 80 செ.மீ. தாள்: மஞ்சள் 4.5, சிவப்பு 9
- 60 மீட்டர், 122 செ.மீ. தாள்: மஞ்சள் 3.5, சிவப்பு 7
- 70 மீட்டர், 122 செ.மீ. தாள்: மஞ்சள் 3, சிவப்பு 6

வளையத்தின் உட்குறுக்களவு சிவப்பின் வெளிவிளிம்பை ஒட்டியோ அதைவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடவோ இருக்கட்டும். விளிம்பின் பரவல் உள்ளே கொஞ்சம் தின்றாலும் நடுவில் மஞ்சள் முழுதாக நிற்கும். சுவர் மெலிதாக, பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் வளையம் எளிதில் தெரியும். கறுப்பு வளையம் டார்கெட் தாளின் கறுப்புப் பட்டையோடு கலந்துவிடும்.

வளையத்தை மாற்றிய முதல் வாரத்தில் "இவ்வளவு பெரிய ஓட்டையில் எப்படிக் குறிபார்ப்பது" என்ற பதற்றம் வரும். வளையத்துக்குள் மஞ்சள் எங்கே நிற்கிறது என்று அளந்துகொண்டே இருப்பீர்கள். அப்படி அளக்கத் தொடங்கினால் நாணைப் பிடித்திருக்கும் நேரம் நீளும், கை நடுங்கும், மங்கல் இன்னும் கூடும். மஞ்சள் வளையத்துக்குள் வந்ததும் கண்ணை மஞ்சளின் நடுவில் வைத்து முதுகால் இழுப்பைத் தொடருங்கள். ஐந்தாறு விநாடிக்குள் விடவில்லை என்றால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வயதான கண்ணோடு எய்பவருக்கு நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான பழக்கம் இதுதான். தெளிவைத் தேடிக் காத்திருந்தால் தெளிவு வராது.

காம்பவுண்ட் வில்லுக்கு வேறு வசதிகள் உண்டு. நாணில் உள்ள பீப் துளையே ஊசித்துளைபோல் கலங்கலைக் குறைக்கும். துளை சிறிதானால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், மாலையில் சிறிய துளை இருண்டுவிடும். ஸ்கோப்பில் உருப்பெருக்கும் லென்ஸ் வைத்து இலக்கு கலங்கினால் பீப்பில் க்ளாரிஃபையர் லென்ஸ் போடலாம். லென்ஸ் இல்லாத பின் சைட் மங்கினால் அதற்கு வெரிஃபையர் என்று வேறு வகை இருக்கிறது. இரண்டையும் மாற்றி வாங்கிவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. கடையில் உங்கள் வில்லில் பொருத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ரிக்கர்வில் இந்த லென்ஸ்கள் எதற்கும் அனுமதி இல்லை.

தென்சென்னை வெயிலும் புழுக்கமும்

வெயில் நமக்கு நண்பன். கண்பாவை 2 மி.மீ.க்குச் சுருங்கினால் சைட்டின் பரவலும் 2 மி.மீ. ஆகும். காலை ஏழு முதல் ஒன்பது வரை எய்த அம்புகள், மாலை ஆறு மணிக்கு எய்தவற்றைவிட நெருக்கமாக விழுவதற்கு இது ஒரு காரணம். மாலையில் எய்யும்போது ஸ்கோர் இறங்கினால் உடலைக் குறை சொல்வதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். அதனால்தான் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம் என்கிறேன். கூச்சம் தாங்கவில்லை என்றால் விளிம்பு வைத்த தொப்பி அணியுங்கள். அதன் விளிம்பு நாணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், எய்பவர் வடக்கு நோக்கி நிற்கும் இடமாகப் பாருங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே கண்ணில் விழாது. புரை தொடங்கிய கண்ணுக்கு எதிர்வெயில் இலக்கையே வெள்ளைப் புகையாக்கிவிடும்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி பனிக்கும். கடைசிப் பத்து நிமிடம் ஏசியை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள். வியர்வையைச் சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பையில் மெல்லிய துணியும் சிறிது தண்ணீரும் வையுங்கள். 200 அடிச் சாலைப் புழுதியும் பிற்பகல் கடற்காற்றும் கண்ணை உலர்த்தும். இமைத்தால் ஒரு கணம் தெளிந்து மறுபடி மங்குகிறது என்றால் அது வெள்ளெழுத்து அல்ல, உலர்ந்த கண். நாணை இழுப்பதற்கு முன் இரண்டு முறை நன்றாக இமையுங்கள். அடிக்கடி நடந்தால் எந்தச் சொட்டு மருந்து ஏற்றது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

பைனாகுலர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு எங்கே தைத்தது என்று பார்க்க அதைப் பயன்படுத்த விதியில் தடையில்லை. 8×42 அளவு கைக்கு அடக்கம். வாங்கியதும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையோரமாக நின்று தொலைவில் உள்ள நாரைகளைப் பார்த்து இரு கண்ணின் ஃபோகஸையும் சரிசெய்து பழகலாம். அம்பின் வால்முனையில் உள்ள நாக் மஞ்சளாக இருந்தால் மாற்றிவிடுங்கள், மஞ்சள் வட்டத்தில் அது மறைந்துபோகும். பளிச்சென்ற பச்சையோ இளஞ்சிவப்போ நல்லது.

பாதுகாப்பு

பார்வை குறையும்போது ஆபத்து இலக்கின் நடுவில் இல்லை, ஓரங்களில் இருக்கிறது.

- மொட்டை மாடியில் அம்பு எய்யாதீர்கள், எவ்வளவு குறைந்த தூரமானாலும். நம் பகுதியில் அடுத்த வீட்டு மாடி பத்தடியில் இருக்கிறது. வீட்டில் ரப்பர் பட்டை மட்டும் போதும். அம்பு இல்லாமல் வில்லின் நாணை இழுத்து விட்டுவிடுவதும் கூடாது, வில் உடைந்து முகத்தில் தெறிக்கலாம்.
- காலி இடம் என்று சதுப்பு நிலத்தின் பக்கம் வில்லோடு போகாதீர்கள். 2022இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, பறவைகளின் வீடு.
- தனியாக எய்யாதீர்கள். இலக்குக்குப் பின்னால் யாராவது குறுக்கே வருகிறார்களா என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். விசில் முறையைப் பின்பற்றுங்கள்: இரண்டு ஊதினால் கோட்டுக்கு வருவது, ஒன்று ஊதினால் எய்வது, மூன்று ஊதினால் அம்பெடுக்கப் போவது, ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து ஊதினால் உடனே நிறுத்துவது.
- அம்பெடுக்கும்போது இலக்கைப் பக்கவாட்டில் அணுகுங்கள். தைத்து நிற்கும் அம்பின் நாக் முனை நேராக முகத்தை நோக்கி இருக்கும். நேரெதிரே பார்க்கும்போது அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அதுவும் தெரியாது. தரையில் கிடப்பதை எடுக்கக் குனியும்போதுதான் இதில் கண்ணைக் குத்திக்கொள்கிறார்கள். முதலில் ஒரு கையை இலக்குப் பலகையில் வைத்து நின்று, அதன் பிறகு குனியுங்கள்.
- புல்லில் புதைந்த அம்பைக் கையால் துழாவாதீர்கள். நீர்நிலை ஓரத்துப் புல்லில் விரியன் இருக்கும். குச்சியால் விலக்கிப் பாருங்கள்.
- மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்காதீர்கள். அப்படி முக்கும்போது கண்ணின் அழுத்தம் ஏறும். கிளாக்கோமா உள்ளவர்கள் எத்தனை பவுண்டு வில் தகும் என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்ட பிறகே வில் வாங்குங்கள்.

இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்: கண்ணில் திடீர் மின்னல், கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைப்பது, நேர்க்கோடு நெளிந்து தெரிவது. விழித்திரையில் கோளாறு என்றால் நாள்கணக்கில் காத்திருக்க முடியாது.

புரை அறுவைக்கு முன்னும் பின்னும்

லென்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அறுவை மருத்துவரிடம் வில்வித்தையைப் பற்றிச் சொல்லுங்கள். எய்யும் கண்ணுக்குத் தூரப் பார்வையில் அமைந்த ஒற்றைக் குவிய லென்ஸ் பொதுவாகப் பொருந்தும். மதுரை ஆரோலேப் 1992இலிருந்து செயற்கை லென்ஸ்களை மலிவாகத் தயாரித்துவருவதால் இது எட்டாத செலவு அல்ல. அஸ்டிக்மாடிசம் கூடுதலாக இருந்தால் டோரிக் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். பல குவிய லென்ஸ் அன்றாட வாசிப்புக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் அது நிறங்களின் வேறுபாட்டைச் சற்று மழுக்கும், விளக்கைச் சுற்றி வளையம் காட்டும். வெள்ளொளியில் உள்ளரங்கில் எய்பவர் இதை யோசிக்க வேண்டும்.

அறுவைக்குப் பிறகு வில்லை எடுக்கும் நாளை நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். பாரம் தூக்கலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை ரப்பர் பட்டையைக்கூடத் தொட வேண்டாம். திரும்பும்போது வரிசை இப்படி இருக்கட்டும்:

1. புதுப் பவர் நிலைத்த பிறகு கண்ணாடியை மறுபடி சோதியுங்கள், ஸ்டிக்கர் சோதனையோடு.
2. ஆளும் கண் சோதனையை மறுபடி செய்யுங்கள். தெளிந்த கண் பழைய ஆட்சியைத் திரும்பப் பிடித்திருக்கலாம்.
3. முன்பைவிட இலகுவான வில்லில், 10 மீட்டரில், சைட் இல்லாமல் தொடங்குங்கள்.
4. பழைய சைட் எண்களை அப்படியே வைக்காதீர்கள். குறி மாறியிருக்கும். ஒவ்வொரு தூரத்துக்கும் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் பலன் தந்ததா?

கண்ணால் முடிவு செய்யாதீர்கள், அம்பால் முடிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய கண்ணாடியோடு 36 அம்பு, புதியதோடு 36 அம்பு, அதே தூரம், அதே வெளிச்சம். டார்கெட் தாளை நீங்களே வைத்துக்கொண்டு, ஆறு அம்பில் மிக விலகி விழுந்த ஒன்றை விட்டுவிட்டு, மற்ற ஐந்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். புள்ளிகளைக் கூட்டாதீர்கள். சைட் சரியாக அமையாத நாளில் புள்ளி பொய் சொல்லும், அம்புகளின் நெருக்கம் சொல்லாது. உயரத்தில் மட்டும் சிதறல் குறைந்தால் வளையம் ஒத்துப்போகிறது, அகலம் குறையாவிட்டால் கண் ஆட்சியையும் நாண் தெரியும் இடத்தையும் மறுபடி பாருங்கள்.

இவை அனைத்தையும் செய்தும் மஞ்சளே தெரியாத அளவுக்குப் பார்வை போனவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான பிரிவில் 30 மீட்டரில் எய்கிறார்கள். முக்காலியில் பொருத்திய ஒரு தொடுகோல், வில்லைப் பிடித்த கையின் புறத்தில் படும். அந்தத் தொடுதலை வைத்தே குறி அமைகிறது. அதற்கான முக்காலியை அமைக்கும் முறை அத்தியாயம் 9இல்.